சாயத்துக்குச் செய்த சீர்

பத்தாம் வகுப்பில் என்னோடு படித்தவர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்ததே இல்லை.

வகுப்பில் உங்கள் எல்லோரையும்விட இரண்டு வயது மூத்தவள் நான். காலையில் வரிசையாக நிற்கும்போது என் தலை மட்டும் தனியாகத் தெரியும். ஏன் என்று கேட்டவர்களிடம், "டைபாய்டு வந்து ரெண்டு வருசம் போயிருச்சு" என்பேன். நீங்களும் நம்பினீர்கள். பாவப்பட்டு ஒருத்தி வீட்டிலிருந்து அவித்த முட்டைகூடக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோருமாக என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். பேரன் பேத்தி படங்களும் முழங்கால் வலிக்கு வைத்தியமும் அனுப்பிக்கொள்ளும் நமது வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் நான் அக்காதான்.

போன வாரம் நம்மில் ஒருத்தி தன் பேத்தி படிக்கும் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றிக் குழுவில் எழுதியிருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித்தரப் போகிறார்களாம். மாதவிலக்கு, கர்ப்பம், யார் தொட்டால் தப்பு, எந்த நோய் எப்படி வரும், எல்லாம்தான். பையன்களுக்கும் உண்டாம். டீச்சர்களுக்கு அதற்கென்று தனியாகப் பயிற்சியும் கொடுக்கிறார்களாம். கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே நீங்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். பச்சைப் பிள்ளைகளிடம் இதையா பேசுவது, காலம் கெட்டுவிட்டது, ஒன்றுக்கு ஒன்பது கும்பிடு படம் வேறு. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கோபத்தோடு எழுதினால் ஒருத்தியும் அப்புறம் என்னோடு பேசமாட்டீர்கள் என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது ஆறிவிட்டது. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். நொய்யல் ஆற்றுப் பக்கம் ராயபுரத்தில் ஒரு லைன் வீடு. பொதுவாசல், பொதுக்குழாய், ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். அப்பா வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தே, இது போன லாட், இது இந்த லாட், இதில் சாயம் நின்றிருக்கிறது, இது இரண்டு தண்ணீர் கண்டால் வெளுத்துவிடும் என்று சொல்லிவிடுவார். ஷேடு பார்க்க முதலாளியே அப்பாவைத்தான் கூப்பிடுவார். வீட்டில் எங்கள் துணியைக்கூட விடமாட்டார். தீபாவளிப் பாவாடையின் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "இது நிக்காது சாமி, தனியா ஊற வெக்கச் சொல்லு அம்மாள" என்பார். நானும் சும்மா ஒரு துணியைத் தேய்த்துப் பார்த்துத் தலையை ஆட்டுவேன். அவர் சிரிப்பார்.

எனக்கு அப்போது ஒரே ஆசை. அப்பா கம்பெனி ஆபீஸ் ரூமில் ஒரு அக்கா இருந்தார். டைப் அடிப்பார், போன் எடுத்து "ஹலோ" என்பார், நூல் பிசிறு ஒட்டாத சேலை கட்டியிருப்பார். பத்தாவது பாஸ் பண்ணினால்தான் அந்த நாற்காலி என்று அப்பா சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பத்தாவது தாண்டியதில்லை. நான் அந்த நாற்காலியில் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. இப்போது மாதிரி எல்லாவற்றையும் இயந்திரத்தில் காயவைக்கும் காலம் இல்லை. சாயம் போட்ட துணியை வெட்டவெளியில் கொடி கட்டிக் காயப்போடுவார்கள். மழை பெய்தால் ஊரே வானத்தைப் பார்த்துத் திட்டும். அப்பா கம்பெனியில் அவசர ஆர்டர். கழுத்துப் பட்டிக்கு வைக்கும் ரிப் துணி மட்டும் வந்து சேரவில்லை. காய்ந்த வரைக்கும் போதும் என்று அப்பாவே சைக்கிளை எடுத்துக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போய், ஒரு துணிக்கட்டைச் சாக்கில் சுற்றிக் கேரியரில் வைத்துக்கொண்டு வந்தார். வரும் வழியில் பள்ளிக்கூடம். நான் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன்.

"கட்டு ஈரம், பாத்து உக்காரு சாமி" என்றார்.

எங்கே பார்த்து உட்கார்வது? கேரியர் முழுக்கக் கட்டுதான். கிழிந்த சாக்கின் வழியே கருஞ்சிவப்புத் துணி பிதுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் தாளை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டோம். உள்ளே சாய வாசனையும் அப்பாவின் வியர்வையும் பீடியும் கலந்து ஒரு வாசம். குழிக்குக் குழி துள்ளி விழுந்து சிரித்துக்கொண்டே வந்தேன். லைன் வீட்டு முக்கில் என்னை இறக்கிவிட்டு அவர் கம்பெனிக்குப் போய்விட்டார். அப்பாவின் சைக்கிளில் நான் சிரித்துக்கொண்டு வந்த கடைசிப் பயணம் அதுதான்.

வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவள், அம்மா வர நேரமானால் வந்து அடுப்புப் பற்றவைப்பாள். "நனைஞ்சுட்டயா அம்முணி, கழட்டு, சளி புடிச்சுக்கும்" என்று அவளே பாவாடை நாடாவை அவிழ்த்தாள். பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையில் ஒன்றும் தெரியவில்லை. உள்பாவாடை வெள்ளை.

அத்தை அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அட என்ற தங்கமே!" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துணியைப் பாழாக்கியதற்கு அடி விழும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். "அத்தை, அது அப்பா கட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"உஸ்! வாயத் தொறக்காத. இந்த நேரத்துல அப்பன் பேச்சே எடுக்கக்கூடாது" என்றாள்.

எந்த நேரத்தில்? எனக்குப் புரியவில்லை. கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கும் பெரிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் சீருக்குப் போய் ஜிலேபி தின்றிருக்கிறேன். காதுகுத்து மாதிரி, ஒரு வயது வந்ததும் பெரியவர்கள் நாள் பார்த்துச் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். ரத்தம் என்ற ஒரு சொல்லை அதனோடு சேர்த்து யாரும் என் காதில் போட்டதில்லை. அதனால் என் பாவாடையில் இருந்த சாயத்துக்கும் அத்தையின் கண்ணீருக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை.

அம்மா ஓடிவந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. பெற்றவள் முதலில் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். வாசலில் நின்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அத்தை அந்த உள்பாவாடையைச் சுருட்டி எடுத்துப்போய் நொய்யலில் விட்டுவிட்டு வந்தாள். ஆற்றில் ஏற்கெனவே ஊர்ச் சாயமெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

ஆக, கட்டு ஈரம் என்று அப்பாவுக்குத் தெரியும். கறை இருந்தது என்று அத்தைக்குத் தெரியும். ஊரில் எந்தச் சாயத்தையும் ஒரு பார்வையில் சொல்லிவிடும் மனிதரின் வீட்டில், அந்தத் துணியை அவரைத் தவிர யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். அப்படித்தான் இருந்தது நமது மரியாதை.

தாய்மாமன் தென்னங்கீற்றோடு வந்து பொதுவாசல் மூலையில் பச்சைக் குடிசை கட்டினார். மழை ஒழுகியது. உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று வாயைத் திறக்கத் திறக்க ஊட்டினார்கள். அத்தை மடித்த பழந்துணி ஒன்றைக் கொடுத்து, "இத வெச்சுக்க அம்முணி" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க இரும்புத் துண்டு வைத்திருந்தார்கள் இல்லையா, அந்த மாதிரி இதுவும் என்று நினைத்தேன். சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன்.

சீர் பெரிதாக நடந்தது. ஒலிபெருக்கி கட்டினார்கள், முதலாளி காரில் வந்து ஒரு சில்வர் குடம் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, என்னை ஒருவர்கூட வேலை ஏவவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லோரிடமும் வளையலைக் காட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். திங்கட்கிழமை வந்தது. பையை எடுத்தேன். அத்தை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"இனி எதுக்குக் கண்ணு பள்ளிக்கொடம்? வயசுக்கு வந்த புள்ள ரோட்டுல போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ஊட்ல இருந்து அம்மாகூடக் கம்பெனிக்குப் போயிட்டு வா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே போனார். அன்றிலிருந்து அவர் என் முகத்தை நேராகப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். எதிரில் வந்தால் ஒதுங்கி வழிவிட்டார். சைக்கிளில் ஏற்றுவது நின்றுபோனது. அப்பாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, என்ன தப்புச் செய்தேன் என்று தேடித் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனதைவிட இதுதான் அப்போது அதிகமாக வலித்தது.

அத்தையைத் திட்டாதீர்கள். அவள் கெட்டவள் இல்லை. தனக்குச் செய்ததை எனக்குச் செய்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் கம்பெனி. டியூப் லைட் எரியும் நீள மேஜை, ரேடியோப் பாட்டு, பறக்கும் பஞ்சு. பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிசிறு வெட்டும் வேலை. சின்னக் கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலில் காய்ப்புக் காய்த்தது. சாயங்காலம் ஜன்னல் வழியே ரெட்டைச் சடையும் ரிப்பனுமாகப் பிள்ளைகள் போவார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் நான் தலையைத் தூக்கமாட்டேன். மாதம் போனது. எனக்கு ஒன்றும் வரவில்லை, வர வேண்டும் என்றும் தெரியாது. அம்மா ஒருமுறை எங்கோ பார்த்துக்கொண்டு, "எல்லாம் செரியா இருக்குதா கண்ணு?" என்றாள். "செரிங்கம்மா" என்றேன். "ஒல்லிப் புள்ளைக்கு முன்னப்பின்னத்தான் இருக்கும்" என்று அத்தை அவளுக்குச் சமாதானம் சொன்னாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், அந்தச் செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நிஜமாகவே வந்தது. வயிற்றை யாரோ பிழிவது போல இருந்தது. கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன். ரத்தம்.

எங்கள் லைன் வீட்டில் ஒரு அக்கா வயிற்றில் கட்டி வந்து, உதிரம் போய்ப் போய்ச் செத்துப்போயிருந்தார். பெரியவர்கள் கிசுகிசுத்தது என் காதில் விழுந்திருந்தது. எனக்கும் அதே நோய்தான் என்று முடிவுகட்டினேன். வேறு என்னவாக இருக்க முடியும்? பெரிய மனுஷி ஆவதெல்லாம்தான் எனக்கு முடிந்துபோன காரியமாயிற்றே, ஊரே சாப்பிட்டுவிட்டுப் போயிற்றே. சொன்னால் அம்மா அழுவாள், வைத்தியச் செலவு ஆகும், அப்பா இன்னும் தள்ளிப் போவார். சொல்லாமல் விட்டேன்.

கம்பெனியில் வெட்டுத்துணி மலைபோல் கிடக்கும். கையில் அகப்பட்டதை எடுத்து வந்தேன். சாயம் கழுவாத துணி, மிஷின் எண்ணெய் பட்ட துணி. யாருக்கும் தெரியாமல் கசக்கி, கதவுக்குப் பின்னால் வெயில் படாத இடத்தில் காயப்போட்டு, ஈரம் போகாமலே மறுபடி வைத்துக்கொண்டேன். புண்ணாயிற்று. நடந்தால் எரியும். நிற்கும், விட்டது என்று நினைப்பேன், மறுபடி வரும். பொங்கலுக்குத் துணி எடுக்க அம்மா கூப்பிட்டபோது எனக்கு வேண்டாம் என்றேன். சாகப்போகிறவளுக்கு எதற்குப் புதுத்துணி? என் கண்ணாடி வளையல்களைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போட்டுவிட்டேன். எனக்கு அப்போது பதிமூன்று முடிந்திருந்தது. நினைத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளையை ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாசி மாதத்தில் ஒருநாள் காய்ச்சலோடு வேலைக்குப் போய் மேஜையிலேயே மயங்கி விழுந்தேன். அம்மா ஆட்டோவில் போட்டு ஒரு லேடி டாக்டரிடம் கொண்டுபோனாள். வயதான டாக்டரம்மா, காதில் வெள்ளைக்கல் தோடு. பார்த்து முடித்ததும் அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து கண்ணு இப்படி இருக்குது?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்துங்க. நான் எப்பங்க சாவேன்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். வயிற்றுக்குள் கருப்பை என்று ஒன்று இருக்கிறது, மாதாமாதம் அது ஒரு மெத்தையைத் தயார் செய்யும், தேவைப்படவில்லை என்றால் கழித்துவிடும், அதுதான் இந்த ரத்தம், இது நோய் இல்லை, நோய் வந்தது அழுக்குத்துணியால் என்று. புண்ணுக்கு மருந்து, இரும்புச் சத்து மாத்திரை, எந்தத் துணி வைக்க வேண்டும், எப்படி வெயிலில் காயவைக்க வேண்டும், எல்லாம் சொன்னார். ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. என் வாழ்க்கையை இரண்டு வருஷம் திருப்பிப் போட்ட விஷயம், சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆனது.

அம்மா உள்ளே வந்தாள். "இந்தத் தீபாவளிக்குத்தானுங்கம்மா மொதல் தடவை வந்திருக்குது. நீங்க என்ன, போன வருசமே சீர் செஞ்சதாச் சொல்றீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆமாங்க. அவங்க அத்தை பாத்தாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பெத்தவ பாக்கக்கூடாதுங்களே."

அப்போதுதான் எனக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியது. "அம்மா, அன்னிக்கு நான் அப்பா சைக்கிள்ல சாயத்துணிக் கட்டு மேல உக்காந்து வந்தனுங்க" என்றேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

வெளியே வந்து நடந்தோம். அம்மா வேகமாக முன்னால் போனாள். நான் பின்னாலிருந்து கேட்டேன். "ஏனுங்கம்மா, அப்படின்னா நான் பள்ளிக்கொடத்துக்குப் போலாங்களா?"

அம்மா நடுரோட்டில் நின்றுவிட்டாள். பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை.

சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அதுவரை இந்த மாதிரி விஷயத்தை அம்மா அவரிடம் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. அன்று கதவோரம் நின்று ஒரே மூச்சில் சொன்னாள். "ஏனுங்க, புள்ள பெரியவளானது போன வருசம் இல்லீங்களாமா, இப்பத்தானாமா. அன்னிக்கு உங்க அக்கா பாத்தது வெறும் சாயமாமா. உங்க சைக்கிள்ல கட்டு மேல உக்காந்து வந்தாளாமா."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அந்த மெரூன் ரிப்பா?" என்றார். "அது சாயமே நிக்கலையே. தொட்டாக் கையில ஒட்டுச்சு. மக்காநாளே மொதலாளிகிட்டச் சொல்லித் திருப்பி அனுப்புனனே."

மறுநாளே திருப்பி அனுப்பியிருக்கிறார். கம்பெனியில் அவர் அந்தத் துணி ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம், வீட்டில் அதற்காக மாமன் குடிசை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒருவாட்டி காட்டியிருந்தாச் சொல்லியிருப்பனே" என்றார் அப்பா.

"உங்ககிட்ட எப்படிங்க காட்டறது?" என்றாள் அம்மா.

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். அவருக்கும் சின்ன வயதில் யாராவது இதைச் சாதாரணமாகச் சொல்லித் தந்திருந்தால், இது நமது மகளின் உடம்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் ஒன்றரை வருஷம் ஓடியிருக்காது. பையன்களுக்கு எதற்கு இந்த வகுப்பு என்று கேட்டவர்களுக்கு என் பதில், என் அப்பாதான்.

அத்தை மறுநாள் வந்து குதித்தாள். "ஊரக் கூட்டிச் சோறு போட்டாச்சு. இப்பப் போயிச் சாயம்னு சொன்னாச் சபை சிரிக்காதா? பெரிய புள்ளைனு மனையில உக்கார வெச்சவள மறுக்காப் பையைத் தூக்கிட்டுப் போகச் சொல்றயா?"

"யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாங்கக்கா" என்றார் அப்பா. "சிரிச்சாலும் என்னையப் பாத்துச் சிரிக்கட்டும். புள்ள படிக்கட்டும்."

அக்கா பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசியது அதுவே முதல்முறை. ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் அத்தைதான் வந்து எனக்கு ரெட்டைச் சடை போட்டாள். கோபத்தையெல்லாம் சேர்த்து இழுத்து இழுத்துப் பின்னினாள்.

தலைமையாசிரியை, "இவ்வளவு நாளா ஏன் வரல?" என்று கேட்டார். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. நிஜத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "டைபாய்டுங்க" என்றார்.

"ஒன்றரை வருசமாவா?"

"விட்டு விட்டு வந்துச்சுங்க."

அந்த அம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவர் எத்தனை டைபாய்டைப் பார்த்திருப்பாரோ! ஏழாம் வகுப்புக்கு அனுப்பினார். அப்படித்தான் உங்களிடம் வந்து சேர்ந்தேன்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். ஆனாலும் பத்தாம் வகுப்பில் நடந்ததை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. நமது அறிவியல் டீச்சர், கல்லூரி முடித்துப் புதிதாக வந்தவர். செம்பருத்திப் பூவைக் கொண்டுவந்து மகரந்தம், சூலகம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். பூ முடிந்தது, அடுத்தது மனித இனப்பெருக்கம். டீச்சர் முகம் சிவந்தது. "இந்தப் பாடம் வேண்டாம், ஊட்ல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் திருப்பினார்.

நான் எழுந்து நின்றேன். "ஊட்ல யாரும் சொல்லமாட்டாங்க டீச்சர்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். என் பக்கத்தில் இருந்தவள் தாவணியைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் "உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மெதுவாக, "எனக்கே யாரும் சொல்லித் தரலம்மா. நான் எப்படிச் சொல்றது?" என்றார். கண் கலங்கியிருந்தது. அவருக்கு நம்மைவிட ஆறேழு வயதுதான் கூடுதல் இருக்கும். இப்போது டீச்சர்களுக்கும் பயிற்சி என்று வாசித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

"ஒரு டாக்டரம்மா எனக்குச் சொன்னாங்க டீச்சர். அதச் சொல்லட்டுங்களா?" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து ஓரமாக நின்றுகொண்டார். நான் சொன்னேன். எனக்கு வந்த மாதிரியேதான் சொன்னேன், திக்கித் திக்கி. முதலில் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தீர்கள். எவ்வளவு நாள் இருக்கும், வலித்தால் மாத்திரை போடலாமா, ஊறுகாயைத் தொடலாமா என்று.

கடைசியில் ஒருத்தி எழுந்தாள். பெயரை எழுதமாட்டேன். வெளுத்துப்போன பிள்ளை, படியேறினால் மூச்சு வாங்கும், சோம்பேறி என்று அவளை நாமெல்லாம் கேலி செய்வோம். "எனக்கு ரெண்டு வாரம் ஆனாலும் நிக்கறதில்லீங்கக்கா. எங்க ஊட்ல எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். "அப்ப நான் செத்துருவனுங்களாக்கா?"

"இல்ல கண்ணு. ஆனா டாக்டருகிட்டப் போகோணும்" என்றேன். டீச்சரும் நானும் அன்று சாயங்காலமே அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிள்ளையைப் பார்த்திருக்க முடியாது என்றார் டாக்டரம்மா.

அவளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். போன வாரம் வேண்டாம் என்று எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு. உன் பேத்தி இப்போது ஆறாவது படிக்கிறாள். அவளுக்கு ஏதாவது என்றால், எழுந்து கேட்க அவள் வகுப்பில் யார் இருக்கிறார்கள்?